ஊக்கக்காவின் ஜோடிப் பலகை

கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அது காயும்வரை பொறுக்காமல் எழுத ஆரம்பித்துவிட்டார் ஊக்கக்கா. ஈரப் பலகையில் சாக்பீஸ் எழுத்து சட்டென்று தெரியாது. காயக் காயத்தான் மெல்ல வெளுத்து மேலே வரும். யாருக்கு யார் ஜோடி என்று தெரிந்துகொள்ள, மடிப்புக் கூடத்து ஆட்கள் இருபத்தெட்டு பேரும் நாலைந்து நிமிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. "காஞ்ச துணியால துடைச்சா கை தேஞ்சா போயிடும்?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். "அவசரமா? அப்ப நீ வந்து ஊது" என்பார். வந்து ஊதவும் செய்வார்கள். தோளும் தோளும் இடிக்கும், ஒரு கேலி கிளம்பும், ஒருத்தி இன்னொருத்தியின் தலைவலியை விசாரிப்பாள். அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் அந்த ஈரத் துணி என்பது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஆஸ்பத்திரி, ஓட்டல், விடுதி என்று ஊரெல்லாம் படுத்தெழுந்த விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் பெரிய சலவை ஆலை அது. துவைப்பது எந்திரம், உலர்த்துவது எந்திரம், உருளைக்கடியில் கொடுத்தால் இஸ்திரி போடுவதும் எந்திரம்தான். ஆனால் சுடச்சுட வெளியே வரும் விரிப்பை மடிக்க இன்றைக்கும் இரண்டு பேர் எதிரெதிரே நின்றாக வேண்டும். நாலு முனையை நாலு கை பிடிக்க வேண்டும். உதற வேண்டும். ஒருவர் மற்றவரை நோக்கி நடந்து வந்து, தன் முனைகளை அவர் கையில் ஒப்படைத்து, குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய், மறுபடி வர வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ஜோடி முந்நூறு விரிப்பு மடிக்கும். கணக்குப் போட்டால், ஒரே முகத்தை ஒரு நாளைக்கு அறுநூறு தடவை ஒரு முழ தூரத்தில் பார்த்தாக வேண்டும். அது பிடிக்காத முகமாக இருந்துவிட்டால் என்ன ஆவது, சொல்லுங்கள்!

அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இவர். தலைமை அலுவலகம் இவரை ஆறு வாரப் படிப்புக்கு அனுப்பி, 'ஊழியர் ஊக்கப் பயிற்சியாளர்' என்று ஒரு பதவியும் கொடுத்தது. கழுத்தில் தொங்கும் அட்டையில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. 'ஊக்கப் ப.' என்று அச்சடித்து நிறுத்திக்கொண்டார்கள். கூடத்து ஆட்கள் அதையும் சுருக்கி ஊக்கக்கா ஆக்கினார்கள். கோபம் வந்தால் வெறும் ஊக்கு. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "ஊக்குன்னா சும்மாவா? கழண்டு தொங்குறதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும். அசட்டையா கை வெச்சா நறுக்குனு குத்தும். எனக்குப் பொருத்தமான பேருதான்" என்பார்.

ஆள் குள்ளம். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும், எழுதும்போது மட்டும் மூக்குக்கு ஏறும். நீலக் கோட்டின் வலது பை எப்போதும் சாக்பீஸ் தூளால் வெளுத்திருக்கும். கூடத்தில் நடக்கும்போது நேராக நடக்கமாட்டார், சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அக்காவுக்கு இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பாவப்படுவார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் போனால்தான் இரண்டு பேரின் மணிக்கட்டும் ஒரே பார்வையில் தெரியும். "மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் புரியாது. எல்லாரும் என்னைப் பாத்ததும் பல்லைக் காட்டிருவாங்க. மணிக்கட்டு பல்லைக் காட்டாது" என்பது அவர் வைத்திருக்கும் நியாயம்.

ஜோடி போடுவதில் அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. உயிருக்குயிரான சிநேகிதிகளை ஒன்றாகப் போடமாட்டார், அரட்டையில் விரிப்பு தரையைப் பெருக்கும். சண்டை போட்டவர்களை அன்றைக்கே போடமாட்டார், ஒரு வாரம் ஆறப்போட்டுத்தான் போடுவார். மனைவி போன பிறகு ஆறு மாதமாக வாயே திறக்காமலிருந்த உலர்த்தி ஆப்பரேட்டரை, வாயை மூடவே தெரியாத ஒரு அம்மாளோடு போட்டார். நாலாவது நாள் அந்த மனிதர் இவரிடம் வந்து, "அக்கா, அந்தம்மாவைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க" என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். ஊக்கக்கா அன்று முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி திரிந்தார்.

தினமும் இருபது நிமிடம் தாமதமாக வரும் வண்டித் தள்ளுநர் ஒருவர் இருந்தார். மெமோ கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஊக்கக்கா அவரைக் கூப்பிட்டுக் கூடத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். "இனிமே நீங்க வந்து திறந்தாத்தான் நாங்க உள்ள வர முடியும்." இரண்டே நாள். வெளியே மழையில் இருபத்தெட்டு பேர் நின்றிருந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது நாளிலிருந்து ஆறரைக்கே வந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்.

தலைமை அலுவலகம் அவ்வப்போது சுவரொட்டிகள் அனுப்பும். மலை உச்சியில் ஒருவன் கையை விரித்து நிற்பான், அல்லது ஒரு கழுகு பறக்கும், கீழே கொட்டை எழுத்தில் 'உன்னால் முடியும்' என்றிருக்கும். "கழுகு எந்தக் காலத்துல பெட்ஷீட் மடிச்சுது?" என்று கேட்டு அவற்றையெல்லாம் உலர்த்தும் அறைச் சுவரில் ஒட்டச் செய்துவிட்டார். அந்த வெக்கையில் ஒரு மாதத்துக்குள் கழுகு சுருண்டுவிடும். பிறகு அடுத்தது வரும்.

வீட்டிலும் இந்த வியாதி விடுவதில்லை. மகனும் மருமகளும் துணி மடித்தால் இவர் பேசாமல் வந்து ஓரமாக நின்றுவிடுவார். மடிப்பின் ஓரம் கோணினால், "காலையில என்ன சண்டை?" என்பார். சண்டை நடந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. "ஐயோ, அத்தை வர்றாங்க, சிரிச்ச மாதிரி மடிங்க" என்று மருமகள் கிசுகிசுப்பாள். கணவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். மனைவி வீட்டிலிருந்தால் அவர் தன் கைக்குட்டையைக்கூட மடிப்பதில்லை.

இப்படி ஊர்ப்பட்ட ஜோடிகளை ஒட்டவைத்தவருக்குத் தன் ஜோடியை மட்டும் ஒட்டவைக்கத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகத் தெரியவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும், ஒருவரும் அவர் காதுபட வாயைத் திறக்கமாட்டார்கள்.

அந்த ஜோடி வேறெங்கும் போய்விடவில்லை. கூடத்தைத் தாண்டி, வண்டிகள் நிற்கும் நடையின் கோடியில், பழுது தைக்கும் அறையில் இருக்கிறார். கிழிந்த விரிப்பு, ஓரம் பிரிந்த தலையணை உறை, எல்லாம் அவரிடம்தான் போகும். தையலக்கா என்று கூப்பிடுகிறார்கள். உயரமான பெண்மணி. நடந்தால் இரண்டு ஊக்கக்காவுக்குச் சமமான எட்டு வைப்பார்.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பதினோரு வருஷம் மடித்தார்கள். அப்போது கூடத்தில் மின்விசிறி இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று காற்றைத் தவிர எல்லாச் சத்தமும் போடும். நெற்றி வேர்வையைத் துடைக்கக் கை காலி இருக்காது, தோளில்தான் துடைத்துக்கொள்வார்கள். குள்ளமும் உயரமும் எப்படி ஜோடி சேர்ந்தது என்று பார்த்தவர்கள் சிரிப்பார்கள். மடிப்பைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அப்படி ஒரு நேர்த்தி, கத்தி வைத்துக் கீறினாற்போல இருக்கும்.

உருளைகள் ஓடும் இரைச்சலில் கத்திப் பேச முடியாது. பக்கத்தில் வரும்போதுதான் பேச முடியும். ஆகவே பாதி வாக்கியம் கை சேரும்போது, மீதி அடுத்த தடவை கை சேரும்போது. "எங்க மாமியார் நேத்து என்ன பண்ணாங்க தெரியுமா" என்று சொல்லிவிட்டுத் தையலக்கா பின்னால் போய்விடுவார். இவர் உதறிக்கொண்டே, "என்னடி, என்னடி" என்று தவித்துப்போவார். "என் புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு" என்று ஒரு வருகை. "அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயி" என்று இன்னொரு வருகை. "அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க!" அதற்குள் மூன்று விரிப்பு முடிந்திருக்கும். கதைகளை அவர்கள் விரிப்பால்தான் அளந்தார்கள். மாமியார் கதை பத்து விரிப்பு. ஊக்கக்காவின் மகனுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்த கதை ஒரு வண்டி முழுக்க. தையலக்காவின் அப்பா இறந்த கதை இரண்டு நாள் ஓடியது. அழுகை வந்தபோதுகூட விரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் வந்தபோது அழுதார், தள்ளிப் போனபோது மூக்கை உறிஞ்சினார், அவ்வளவுதான். அந்த நாட்களை நினைத்தால் ஊக்கக்காவுக்கு இன்றைக்கும் உள்ளங்கை சூடாகிறதாம். உருளையிலிருந்து வந்த விரிப்பின் சூடு அது. "அந்தச் சூட்டுல நாங்க என்ன பேசினாலும் சிரிப்பு வரும். எதுக்குச் சிரிச்சோம்னு இப்ப யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

பிறகு அந்தப் பயிற்சி நாள் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து டை கட்டிய ஒரு பயிற்சியாளர் வந்திறங்கினார். ஆலை ஆட்கள் நாற்பது பேரையும் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். கூட வேலை செய்பவரிடம் உள்ள ஒரு குறையை எழுத வேண்டும், தன் பெயரைப் போட வேண்டாம், மனம் திறந்து எழுதினால்தான் கூட்டு முயற்சி வளரும் என்றார். வெற்றுச் சீட்டு செல்லாது, எல்லாரும் எழுதி முடித்த பிறகுதான் சாப்பாட்டு மணி என்றும் சொல்லிவிட்டார். பசி நேரம். ஊக்கக்கா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பதினோரு வருஷத்தில் அவளிடம் என்ன குறை? ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த மாதம் இரண்டு மூன்று தடவை விரிப்பின் முனை தன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது ஞாபகம் வந்தது. அவள் இழுத்திருப்பாள் என்று நினைத்து, அதை எழுதி மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தில் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லுங்கள், சிரிப்பார். வாயாடி என்றால் சந்தோஷப்படுவார். 'இழுக்கிறவ' என்று மட்டும் சொல்லக் கூடாது. முனையை வெடுக்கென்று இழுத்தால் எதிராளியின் கையிலிருந்து விரிப்பு விழும், விழுந்தது மறுபடி துவைக்கப் போகும், அன்றைய எண்ணிக்கை குறையும், எதிராளிக்குத் திட்டு விழும். இழுக்கிறவளோடு யாரும் நிற்கமாட்டார்கள். பட்டம் விழுந்தால் விழுந்ததுதான்.

பயிற்சியாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படித்தார். "என் ஜோடி துணியை இலுக்கிறாள்." எழுதியிருந்ததை அப்படியே படித்தார், பாவம். கூடமே கொல்லென்று சிரித்தது. தையலக்கா மட்டும் சிரிக்கவில்லை. ழகரத்துக்கு லகரம் போடுகிற கை அந்த ஆலையிலேயே ஒன்றுதான். வருகைப் பதிவேட்டில் 'கிலமை' என்று எழுதியதை எத்தனை தடவை கேலி செய்து திருத்தியிருப்பார்! அவர் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. வழி கேட்பவரைப் போலப் பார்த்தார். ஊக்கக்கா தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம், வெட்கம், பசி, எல்லாம்தான்.

மறுநாள் தையலக்கா தானே கேட்டுக்கொண்டு பழுது அறைக்குப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார், மூன்று பேர் அவரோடு நிற்க மாட்டோம் என்று அதற்குள் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஊக்கக்காவின் கையில் சாக்பீஸ் வந்தது. பதவிக்காகத்தான் எழுதினாள் என்று பேச்சு கிளம்பாமல் இருக்குமா? கிளம்பியது. அந்தப் பேச்சு நடையின் கோடிவரை போகாமலும் இருக்காது.

மூன்று வருஷம் கழித்துத்தான் விஷயமே புரிந்தது. புது ஜோடி ஒன்று, "இந்தாளு இழுக்கிறாரு" என்று ஒரு பெண் புகார் சொன்னாள். ஊக்கக்கா பக்கவாட்டில் நின்று மணிக்கட்டைப் பார்த்தார். அந்த ஆள் இழுக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் ஆவி பட்டுக் கொப்புளம். வெளியே சொன்னால் வேலை மாற்றிவிடுவார்கள் என்று மறைத்துக்கொண்டு, இரண்டு விரலால் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிராளி சாதாரணமாக எடுத்தாலே நழுவுகிறது. நழுவினவளுக்கு அவன் இழுத்ததாகத் தோன்றுகிறது. ஊக்கக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தார். அந்தப் பழைய மாதத்தில் தன் இடது கட்டைவிரல் வீங்கி நின்றதும், அதை யாரிடமும் சொல்லாமல் கோட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு திரிந்ததும், அவளிடம்கூடச் சொல்லாததும், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. நீராவிக் குழாய்க்குப் பின்னால் போய் நின்று அழுதார். வாய்விட்டே அழுதார். உருளை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "அவங்க இழுக்கிறாங்கன்னு தோணுச்சுன்னா, முதல்ல உன் பிடியைப் பாரு." நூறு பேருக்குச் சொல்லியிருப்பார். ஆறு வாரப் படிப்பில் இதைச் சொன்னபோது அங்கிருந்த பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தாராம். சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு தடவை போகத்தான் போனார். நல்ல விரிப்பு ஒன்றைத் தானே ஓரத்தில் கிழித்து, அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு பழுது அறை வாசலில் நின்றார். தையலக்கா நிமிர்ந்து, "சொல்லுங்க மேடம், என்ன சைஸ்?" என்றார். சொல்லுங்க! மேடம்! 'டி' போட்டுப் பேசின வாய்! இவர் "டபுள்" என்று மட்டும் சொல்லி, விரிப்பை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

போன மாதம் புது மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். நல்ல மனிதர்தான், எதையும் படிவத்தில் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவே. 'நடத்தை மேம்பாட்டுத் திட்டம்' என்று தலைப்பு. பெயருக்கு நேரே தையலக்கா. மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை, ஒன்பது வருஷத்தில் ஒரு கருத்துச் சீட்டுகூட எழுதிப் போட்டதில்லை, கேட்டால் "எழுதிக் குடுக்கிற பழக்கம் எனக்கில்ல" என்கிறார். "மூணு தடவை உக்காந்து பேசுங்கக்கா. மூணாவது, இந்த மாசக் கூட்டம். அதுக்கு அவங்க வந்தே ஆகணும். மாற்றம் தெரியலைன்னா அடுத்த கிளைக்கு மாத்திடச் சொல்றாங்க" என்றார் மேலாளர். அடுத்த கிளை இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். தையலக்காவுக்கு முழங்கால் வலி என்பது ஊக்கக்காவுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக நடையின் இந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

முதல் அமர்வுக்குத் தையலக்கா ஒரு தலையணை உறையைக் கையோடு எடுத்து வந்து, உட்கார்ந்ததும் தைக்க ஆரம்பித்துவிட்டார். ஊக்கக்கா படிவத்தைப் பார்த்துப் படித்தார்.

"உங்கள் வேலையில் உங்களை ஊக்கப்படுத்துவது எது?"

"நூலு."

"உங்கள் பலம் என்ன?"

"கண்ணாடி போட்டா ஊசிக்காது தெரியுது."

"உங்கள்..." ஊக்கக்காவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "உங்கள் பலவீனம்?"

தையலக்கா ஊசியை நிறுத்தி நிமிர்ந்தார். "அதை நீங்கதான் அப்பவே எழுதிட்டீங்களே மேடம்."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் அமர்வில் ஊக்கக்கா படிவத்தைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, கட்டைவிரல் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். வீங்கினது, மறைத்தது, நழுவினது, எழுதினது, எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையதுதான் என்றார். தையலக்கா கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊக்கக்கா மணிக்கட்டைப் பார்த்தார், தைத்த இடத்தையே அது மறுபடி மறுபடி தைத்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நாப்பது பேருக்கு முன்னால படிச்சாங்க" என்றார் தையலக்கா. "இன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்றீங்க. ரொம்ப நல்லாருக்கு மேடம்."

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "எல்லார் முன்னாலயும் நீயே சொன்னா நாளைக்கு எவன் உன் பேச்சைக் கேப்பான்? அந்த மேலாளர் சும்மா இருப்பாரா? பலகை போயிடும்."

"போனாப் போகட்டும். அவ அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் ஏறி இறங்குறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அதுக்கு இல்லடி..."

"நீங்க டீயைக் குடிங்க" என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, தன் பங்கு டீயை அவர் தொடவில்லை. முப்பது வருஷ வேலையில் சம்பாதித்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கூட்டம். உருளைகளை நிறுத்தியிருந்தார்கள். நின்ற பிறகுதான் அந்தக் கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. நாற்பது பேரும் கவிழ்த்த கூடைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தையலக்கா வந்திருந்தார், உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், துணி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மணி அடித்தால் முதல் ஆளாக வெளியேறத் தோதாக நின்றார். மேலாளர் எண்ணிக்கைகளைப் படித்து முடித்து, "அக்கா, உங்க பங்கு" என்றார்.

ஊக்கக்கா முன்னால் வந்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே படிவத்தை மேலாளர் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாதே, அதற்காகத்தான்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல ஒரு சீட்டுப் படிச்சாங்க. பாதிப் பேரு அப்ப இருந்தீங்க. மீதிப் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. ஜோடி துணியை இழுக்கிறாள்னு. அதை எழுதினது நான்."

தெரிந்த சேதிதான். ஆனால் அவர் வாயால் வந்து யாரும் கேட்டதில்லை.

"எழுத்துல தப்புன்னு எல்லாரும் சிரிச்சீங்க. எழுத்து மட்டும் இல்ல, விஷயமே தப்பு. அவங்க இழுக்கல. என் கட்டைவிரல் வீங்கியிருந்துச்சு, நான்தான் சரியாப் பிடிக்கல. வலிக்குதுன்னு சொன்னா வேற வேலைக்குப் போட்டுருவாங்கன்னு மறைச்சேன். அப்புறம் தெரிஞ்சும் ஆறு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். உங்களுக்கெல்லாம் பிடியைப் பாரு, பிடியைப் பாருன்னு பாடம் எடுத்தேனே, அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தது அவங்க பட்ட அவமானம்தான். பதினோரு வருஷம் என் எதிர்ல நின்னாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவங்க இழுத்ததில்ல."

கண்ணாடி கயிற்றில் தொங்கியது, அதைத் தேடி மூக்கைத் தடவினார். முன்வரிசையில் அந்த வாயாடி அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் படிவத்தைப் பார்த்தார். 'கண்டறியப்பட்ட குறை' என்ற கட்டத்தில், 'ஊழியரிடம் இல்லை, பயிற்சியாளரிடம் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். அவருடைய கட்டங்களில் இதற்கு இடமில்லை. "சரி" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "இங்கயிருந்து யாரும் எங்கயும் மாறிப் போகல. இந்த ஃபைலை முடிச்சிடலாம்" என்றார். பலகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊக்கக்காவும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் பார்வை கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது.

மணி அடித்தது. தையலக்கா வண்டியை விட்டார். வெளியே போகவில்லை. கூடைகளுக்கு நடுவே, எழுந்தவர்களை விலக்கிக்கொண்டு, அந்த நீள எட்டு வைத்து முன்னால் வந்தார். ஊக்கக்காவுக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. இவருடைய நீலக் கோட்டின் வலது கை மடிப்பில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

"கையை நீட்டு" என்றார்.

ஊக்கக்கா நீட்டினார். தையலக்கா தன் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த ஊசியை நூலோடு உருவி, அந்த மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பது பேர் பார்க்கப் பொத்தானை நாலு சுற்றுத் தைத்தார். பிறகு குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.